சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

நடந்து முடிந்து நாற்பது வருடமான கல்யாணத்துக்குள் புகுந்து கலாட்டா செய்த மனிதன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். அது நான்தான். அதையும் சோபாவில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, ஒரு கையில் முறுக்கும் மறுகையில் ரிமோட்டுமாகச் செய்தேன். நம்பாதவர்கள் கோயம்புத்தூருக்கு வந்து எங்கள் அபார்ட்மெண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மீதிப் பேர் அவரவர் வீட்டுக்காரரோடு பேசுவதில்லை.

என் பெயர் சென்னியப்பன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தூரத்தில் வரும் ரயிலின் ஹாரனைக் கேட்டே, டிரைவர் காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று சொல்லிவிடுவேன். சட்னி மட்டும் சில சமயம் தவறிப்போகும்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கிருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு ஹெலிகாப்டர். வாங்குவதற்கு அல்ல, கேட்பதற்கு. வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் தரையில் ஒரு பாஸ் பெட்டியும் இருந்தன. படத்தில் ஹெலிகாப்டர் டிவியிலிருந்து கிளம்பும், ஜன்னல் கண்ணாடியை ஆட்டும், வலது காது வரைக்கும் ஜோராக வரும். காதோடு காணாமல் போய்விடும். ஒவ்வொரு தடவையும். நடுவானில் பெட்ரோல் தீர்ந்த மாதிரி.

"பக்கத்துல வெச்சது பக்கத்துக்குத்தான் சார்" என்றார் கடைக்காரர். "தலைக்குப் பின்னாடி ரெண்டு போடுங்க. ஹெலிகாப்டர் உங்க பிடரி முடியைக் கலைச்சுட்டுப் போகும்."

பிடரியில் முடி இருந்து பல வருடம் ஆகிறது. இருந்தாலும் வாங்கிவிட்டேன். அந்த இரண்டையும் ஓட்டுவதற்குப் பழைய ஆம்ப்ளிஃபையருக்குத் திராணி இல்லை என்று, பெங்களூருக்காரர்கள் புதிதாகக் கொண்டுவந்திருந்த ஒரு பெட்டியையும் கூடவே தலையில் கட்டினார். அதற்குள் மூளை இருக்கிறதாம். யார் வீட்டு மூளை என்று அப்போது நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஹாலில் "பின்னால்" என்ற ஒன்றே கிடையாது. சோபா சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு காலம் காலமாக நிற்கிறது. தமிழ்நாட்டில் எந்த வீட்டு சோபாதான் சுவரை விட்டு வந்திருக்கிறது? ஸ்பீக்கரோ, தலைக்கும் எனக்கும் நடுவில் மூன்றடியாவது விடு என்கிறது. சோபாவை முன்னால் இழுத்தேன். ஃபிரிட்ஜ் கதவு பாதிக்கு மேல் திறக்க மறுத்தது.

"ஏனுங்க, இனிமே பாலெடுக்க நான் ஒருக்களிச்சுத்தான் போகோணுமா?" என்றாள் மயிலாத்தாள். என் மனைவி. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருக்களித்தாலும் அந்த இடைவெளியில் அவளால் போக முடியாது என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பின்சுவரில் ஆணி அடிக்கலாம் என்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமி அலமாரி. "முருகன் முதுகுல டிரில் போடறீங்களா?" என்று ஒரு கேள்வி. பால்கனியில் இருந்த துளசியையும் கற்றாழையையும் இறக்கிவிட்டு, அந்த இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஸ்பீக்கர்களை உட்கார வைத்தேன். ஒயரே இல்லாத ஸ்பீக்கர் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே ஆளுக்கொரு கரண்ட் ஒயர் இருந்தது. ஒயர் இல்லாத ஸ்பீக்கரின் ஒயர் எட்டவில்லை என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க நான் கடைக்கு ஓடியதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். மேல்வரிசையில் மிச்சம் இருக்கிற பல்லை.

அதற்கப்புறம் அளவெடுப்புப் படலம். பெட்டியோடு ஒரு சின்ன மைக் தருகிறார்கள். நம் தலை இருக்கும் இடத்தில் அதை நிற்க வைத்துவிட்டு, வீடே மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக "ங்கொய்ய்" என்று கத்தவிட்டு, அறையை அளந்துகொள்ளும். "தயவுசெய்து அமைதியாக இருக்கவும்" என்று தேனாக ஒரு பெண் குரல் சொல்லும். சொன்ன அடுத்த நிமிடம் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். "சத்தம் அதிகம், மீண்டும் முயலவும்." மீண்டும் முயன்றால் மேல்வீட்டில் மிக்சி. அதற்கடுத்து, பத்து கிலோ வெங்காயத்தைக் கூவிக்கொண்டு மைக் கட்டின ஆட்டோ. அது போனதும் மாநகராட்சி குப்பை வண்டியின் பாட்டு. ஆடி மாதம் வேறு. அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், அமைதி என்ற சொல்லையே மாவட்டத்தை விட்டு நாடு கடத்தியிருந்தது. தேன் குரல்காரி சலிக்காமல் "மீண்டும் முயலவும்" என்றாள். ஒரு கட்டத்தில் நான் அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "கும்பிடற சத்தமும் அதிகமாம்" என்றாள் மயிலா.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது கரண்ட் கட். பராமரிப்புக்காக ஏரியாவுக்கே மின்சாரம் நிறுத்தம் என்று பேப்பரில் போட்டிருந்தான். அன்றைக்கு மிக்சி இல்லை, மோட்டார் இல்லை, கோயில் குழாய் இல்லை. ஊரே வாயில் பிளாஸ்திரி ஒட்டினாற்போல் கிடந்தது. எனக்கு மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது. பெட்டி அளந்து முடித்து, அறையின் தன்மையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: படுக்கையறை, வரவேற்பறை, அரங்கம், மண்டபம். நான் மண்டபத்தை அழுத்தினேன். கொடுத்த காசுக்கு இருப்பதிலேயே பெரியதை விட்டுவிட்டுச் சின்னதையா எடுப்பார்கள்? அடுத்து, "பதிவில் விடுபட்ட பின்பக்க ஒலியை மீட்கவா?" என்றது. மீட்டுக்கொள் தாயே என்றேன்.

ஒரு யுத்தப் படத்தைப் போட்டேன். ஹெலிகாப்டர் வந்தது. காதைத் தாண்டியது! தலைக்குப் பின்னால் போனது! நான் எழுந்து நின்று கைதட்டும்போது, அதே இடத்திலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது:

"இப்படி வாங்க. இங்க ஃபேன் இருக்குது."

படத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குண்டடிபட்டு விழுந்துகொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஹரிணி என்று ஒரு பொண்ணு, பொறுமையின் சிகரம், எடுத்தது.

"சார், கேமரா முன்னாடிதான் பார்க்கும். ஆனா மைக்ல பின்னாடி பேசினதும் துளித்துளியா விழுந்திருக்கும். சுவத்துல பட்டுத் திரும்பி வந்து விழுந்திருக்கும். நம்ம காதுக்கு அது வெறும் இரைச்சல். எங்க பெட்டி அதைப் பிரிச்செடுத்துப் பின் ஸ்பீக்கருக்கு அனுப்பும்."

"அப்ப வர்றதெல்லாம் நெசமாவே பேசினதாம்மா?"

"கிடைக்கிறது நிஜம் சார். கிடைக்காத இடத்தை அதுவே நிரப்பிக்கும்."

"எது கெடச்சது, எது நெரப்பினது?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "அது பெட்டிக்கே தெரியாது சார்."

இந்தக் கடைசி வரியை நான் அபார்ட்மெண்டில் யாரிடமும் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் பேசினதெல்லாம் என் வீட்டில் கேட்கும் என்பதை மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். லிஃப்ட் தாங்கவில்லை. பரண் மேல் கிடந்த கேசட், சிடி, பென் டிரைவ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். வரிசை ரயில்வே கேட் வரைக்கும் நின்று, நடுவில் இரண்டு எக்ஸ்பிரஸ் தாமதமாயின.

மூன்றாம் மாடி பங்கஜவல்லியின் கல்யாண கேசட்டில் முன்னால் கெட்டிமேளம், பின்னால் மாப்பிள்ளையின் அத்தை: "போட்டோவுல இத்தனை கறுப்பு தெரியலியே." பங்கஜவல்லி எழுந்து போய்விட்டாள். அவள் கணவர் கோதண்டம் அன்றிலிருந்து மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார். அத்தை செத்துப் பதினாறு வருடம் ஆச்சு, அவர் என்ன செய்வார் பாவம். செகரட்டரி தன் கிரகப்பிரவேச வீடியோவைக் கொண்டுவந்தார். பின்னால் கொத்தனார் மாதிரி ஒரு குரல்: "இந்தத் தூணுல கம்பி கம்மி, பெயின்ட் அடிச்சா தெரியாது." எந்தத் தூண் என்று தெரியாமல் நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு தூணைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள். காதுகுத்து, சீமந்தம், அறுபதாம் கல்யாணம், எதைப் போட்டாலும் பின்னால் யாராவது யாரையாவது குறை சொன்னார்கள். முன்னால் சிரிப்பு, பின்னால் கரித்துக்கொட்டல். அந்த மாதத்தில் நான் ஒரு படம் முழுசாகப் பார்க்கவில்லை. என் ஹாலில் என் சோபாவில் எனக்கே இடமில்லை. எரிச்சல் தலைக்கேறி ஒருநாள் பிளக்கைப் பிடுங்கப் போனேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் சல்லிக்காசுக்கு நம்பவில்லை. என் மச்சினன் திருமூர்த்தி. மயிலாவின் தம்பி. கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், இப்போது அவனும் ஓய்வு. மேடை கிடைத்தால் பகுத்தறிவு, சமத்துவம் இரண்டையும் இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு ஏறுவான். சும்மா பேச்சில்லை, மகள் வேறு சாதிப் பையனைக் காதலித்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரையும் எதிர்த்து நின்று முதல் ஆளாக மாலை எடுத்துக் கொடுத்தவன். எனக்கு அவன்மேல் மரியாதை உண்டு. அவன் எதிரில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

"மாமா, இது டுபாக்கூருங்க" என்றான். "இல்லாத சத்தத்தை எந்தப் பெட்டியும் கொண்டுவர முடியாது. பரீட்சைக்குப் படிக்காம வந்த பையன் பேப்பரை நெரப்புற மாதிரி நெரப்புது."

"கோதண்டத்தோட அத்தை அப்படிப் பேசக்கூடிய ஆளுதானாம் மாப்ளே."

"எந்தக் கல்யாணத்துலதான் எந்த அத்தை அப்படிப் பேசல?"

"போயி மொதல்ல காதுல குரும்பியை எடு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதிசயமாக யாரும் வரவில்லை. நான் எங்கள் கல்யாண கேசட்டை எடுத்தேன். பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன்.

"நம்முளுது மட்டும் வேண்டாமுங்க" என்றாள் மயிலா.

"ஏன், எங்க அத்தை என்ன சொல்லுச்சுன்னு பயமா?"

"உங்க அத்தை என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டாங்க. அதுக்கில்ல. ஊரு ஒறம்பரையெல்லாம் நம்மளால அடிச்சுக்குது. நமக்கும் எதுக்கு?"

போட்டுவிட்டேன். படம் கோடு கோடாக ஓடியது. மேடையில் நான் மீசையோடு, எலும்புக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி நின்றேன். பந்தலில் திருமூர்த்தி அரும்பு மீசையோடு சொந்தக்காரர்களை "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தான். அப்புறம் கேமராக்காரர் மண்டப வாசலுக்கு வந்து, பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்தார். அவருக்கு முதுகுப் பக்கம் ரோடு. முன்னால் நாதஸ்வரம். பின்னால், எங்கள் பிடரிக்கு நேராக, ஒரு இளம்பெண்ணின் குரல்.

"பொண்ணுகூடப் படிச்சவங்க. ஒருவாட்டி பார்த்துட்டுப் போயிடறேன்."

ஒரு பையனின் குரல். "மேடையில கூட்டமா இருக்குதுங்க. பந்தியும் முடிஞ்சுபோச்சு. இன்னொரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க."

"சரிங்க" என்றது அந்தப் பெண் குரல். அதற்குள் தவில் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மயிலாவின் கையிலிருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றது.

"மார்த்தா" என்றாள்.

மார்த்தாவைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும். டீச்சர் டிரெய்னிங் ஹாஸ்டலில் மயிலாவும் அவளும் ஒரே அறை. ஒரு வாளி, ஒரு கண்ணாடி, ஒரே குடை. மார்த்தாவின் அப்பா அம்மா வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர்கள். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் முதல் பத்திரிகை மார்த்தாவுக்குத்தான் போனது. அவள் வரவில்லை. புகுந்த வீட்டுக்கு வந்த அன்று மயிலா அழுத அழுகையைப் பார்த்து, என்னைக் கட்டிக்கொண்ட துக்கம் என்றுதான் நினைத்தேன். இல்லை, மார்த்தா வராத துக்கம். அது பிறகு கோபமாகி, கெட்டியாகி, எங்கள் வீட்டில் ஒரு மேஜை நாற்காலி மாதிரி நிரந்தரமாகிவிட்டது. ஒருதரம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மார்த்தா இவளைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். பொள்ளாச்சி போக வேண்டியவள் மேட்டுப்பாளையத்தில் போய் இறங்கினாள். அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள்.

"அவ குரல்தானுங்க. பேச்சுக்கு நடுவுல ஒரு மூச்சு எடுப்பா. அவளேதான்."

அந்தப் பையனின் குரல் யாருடையது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்தது யாரை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பழைய மாணவிகளின் வாட்ஸப் குரூப்பில் மார்த்தாவின் நம்பர் இருந்தது. கோத்தகிரியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள். மயிலா அந்த நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல் மேலே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

"போனைப் போடு, பேசு" என்றேன்.

"என்னன்னு பேசறது? எங்க ஊட்டு ஸ்பீக்கரு சொல்லுச்சு, நீ வந்தயாமா அப்படின்னா?" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவ வந்திருந்தான்னா, பஸ் ஸ்டாண்டுல நான் பண்ணினது எத்தனை பெரிய பாவம்? வாசலோட திருப்பி அனுப்பிச்சவளை மறுபடியும் நானும் திருப்பி அனுப்பிச்சிருக்கறேன். வராம இருந்தான்னா, இப்ப நான் போயி அழுதா அவ சிரிக்க மாட்டாளா? வந்தாளா இல்லையான்னு எனக்கு மொதல்ல தெரியோணுமுங்க."

தெரிந்த ஒரே ஆளுக்குப் போன் போட்டேன். திருமூர்த்தி முழுசாகக் கேட்டான்.

"அந்தப் பெட்டி பண்ற கூத்துக்கு அக்காவை அழ வெச்சிருக்கறீங்க. நான் அப்படியெல்லாம் யாரையும் அனுப்பல. சாயங்காலம் வர்றேன். நிரூபிச்சுக் காட்டறேன், பாருங்க."

சாயங்காலம் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பென் டிரைவை நீட்டினான்.

"எங்க ஊட்டு மாடி ரூமுங்க மாமா. ஆளே இல்ல. ஜன்னலைச் சாத்தி, போனை வெச்சுப் பதிவு பண்ணிட்டு, கதவைப் பூட்டிட்டு வந்துட்டேன். போடுங்க."

போட்டேன். முன் ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. ஒரு பல்லி மட்டும். பின்னால்,

"ஏப்பா, இந்த வரிசைக்குப் பாயசம் வரல."

"பொண்ணைக் கூப்பிடுங்க, நேரமாகுதல்ல."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. திருமூர்த்தி சிரிக்கவில்லை. என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி எதையெதையோ அழுத்தி, ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"மண்டபம்னு இருக்குது. யாரு மாமா இதை அழுத்தினது?"

"பெருசா இருக்கட்டுமேன்னு..."

"அது அறையோட அளவில்லீங்க. எந்த மாதிரி சத்தத்தை வெச்சு நெரப்போணும்னு கேட்குது. நம்மூரு கல்யாண வீடியோ லட்சக்கணக்குல கேட்டுக் கத்துக்கிட்டு வந்திருக்குது இது. நீங்க மண்டபம்னு சொல்லிட்டீங்க. இனி சண்டைப் படம் போட்டாலும் சரி, சாவு வீட்டைப் போட்டாலும் சரி, பின்னாடி ஒரு கல்யாணத்தை வெச்சுடும்." அக்காவின் பக்கம் திரும்பினான். "என் குரலு கேசட்டுல முன்னாடியே இருக்குதல்ல? 'வாங்க, வாங்க'ன்னு. அதை எடுத்து ஒட்டியிருக்குது. பொம்பளக் குரலு எங்கிருந்தோ வந்தது. நீ மார்த்தாவையே நெனச்சுட்டு இருந்ததால உனக்கு அது மார்த்தா."

"அந்தப் பேச்சு தம்பி?" என்றாள் மயிலா. "படிச்சவங்கன்னு ஒரு புள்ள வர்றது, பந்தி முடிஞ்சுதுன்னு வாசல்லயே சொல்லி அனுப்பறது. அது?"

"அதுவும் அப்படித்தான் அக்கா. ஆயிரம் கல்யாணத்துல நடந்திருக்கும். அதுல ஒண்ணை எடுத்துப் போட்டிருக்கும்."

"ஆயிரம் கல்யாணத்துல நடந்துதா?"

திருமூர்த்தி டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். ரிமோட்டில் மண்டபத்தை மாற்றி வரவேற்பறை ஆக்கினான். எங்கள் கல்யாணத்தை அதே இடத்திலிருந்து ஓடவிட்டான். பன்னீர்ச் செம்பு வந்தது. சந்தனக் கிண்ணம் வந்தது. நாதஸ்வரம் வந்தது. பின்னால் லேசாக, அதே நாதஸ்வரம் ஏதோ சுவரில் பட்டுத் திரும்பியது. வேறொன்றும் இல்லை. ஒரு குரலும் இல்லை.

நான் தோற்றுப்போனேன். ரயில்வே வாழ்க்கையில் இப்படி ஒரு தோல்வியைக் கண்டதில்லை. சோபாவை இழுத்து, ஃபிரிட்ஜை மறித்து, துளசியை வெயிலில் வாட்டி, ஊரைக் கூட்டி, கடைசியில் ஒரு புளுகுப் பெட்டிக்குப் பூஜை போட்டிருக்கிறேன். பங்கஜவல்லி வீட்டு வாசலில் நின்று என்னவென்று சொல்லப்போகிறேன்? உன் வீட்டுக்காரருக்குச் சோறு போடம்மா, அத்தை பேசவில்லை, பெங்களூர் பேசியது என்றா?

மயிலா போனைக் கீழே வைத்தாள். முருங்கைக்கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வதங்கிப்போயிருந்த இலைகளை உருவ ஆரம்பித்தாள்.

"அப்ப அவ வரல" என்றாள்.

ஒரு இலையை உருவித் தட்டில் போட்டாள்.

"நல்லதாப் போச்சு. காலையிலிருந்து இதே நெனப்புத்தான், நான் தப்புப் பண்ணிட்டேனோ, தப்புப் பண்ணிட்டேனோன்னு. இல்ல. பத்திரிகையைப் பார்த்துட்டும் வராதவ. அவகிட்ட நான் முகத்தைத் திருப்புனது சரிதான்." கீரைக் காம்பை நறுக்கென்று ஒடித்தாள். "அந்த நம்பரை அழிச்சுடுங்க. எனக்கு அதெல்லாம் பண்ணத் தெரியாது."

போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். திருமூர்த்தி கை நீட்டி என்னிடமிருந்து அதை வாங்கினான். சீக்கிரம் அழித்துக் கொடுப்பான் என்று நினைத்தேன். அவன் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜெயித்தவன் முகம் அப்படி இருக்காது.

"அழிக்காதக்கா" என்றான்.

"ஏன்?"

"கையில ஒரு ரோஜாச் செடி வெச்சிருந்தாங்க. வேரோட. ஈரச் சாக்குல சுத்தி. வால்பாறையிலிருந்து மடியில வெச்சுக் கொண்டாந்தேன், உங்க அக்கா கையால நடச் சொல்லுங்கன்னு குடுத்தாங்க."

மயிலாவின் கை கீரைக்குள் நின்றுவிட்டது.

"அப்பா சொன்னாரு. அந்தப் புள்ள உள்ள வந்து எலையில உட்கார்ந்தா, மாப்ள ஊட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க, நீ வாசல்லயே பார்த்துக்கோன்னு." அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எங்கே பார்ப்பது என்று எனக்கும் தெரிந்திருக்காது. "செடியை வாங்கிக் கைகழுவற இடத்துல வெச்சேன். அப்புறம் அது என்னாச்சுன்னு தெரியல."

"இப்பத்தான் பொய்யின்னு நிரூபிச்சே?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"பெட்டி சொன்னது பொய்தானுங்க மாமா." அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "பந்தி முடிஞ்சுதுன்னு ஒரு சாக்குக்கூட நான் சொல்லலக்கா. அப்பத்தான் எலை போட்டுட்டு இருந்தாங்க. அது அவங்களுக்கும் தெரிஞ்சுது."